சாப்பாட்டுக் காசில் கை வைக்காதீர்கள்

மலையகத்துக்கு டூர் வருகிறவர்கள் போடுகிற செலவுக் கணக்கு பெரும்பாலும் ஒரே மாதிரித்தான் இருக்கும். வான் ஹயர், ரூம், ஹோர்ட்டன் சமவெளி டிக்கெட், கிரகரி வாவியில் படகு, கடைசியில் சாப்பாடு. முதல் நான்கிலும் பெரிதாகக் குறைக்க முடியாது. அதனால் கத்தி சாப்பாட்டில் விழும். கொழும்பிலிருந்தே சோத்துப் பார்சல், பாண், டின் மீன், நூடுல்ஸ், தண்ணீர்ப் போத்தல் எல்லாம் வானில் ஏறிவிடும். மூன்று நாள் நுவரெலியா, ஹற்றன், சிவனொளிபாத மலை எல்லாம் சுற்றிவிட்டு இறங்கும்போது ஒரு பெருமை: "தலைக்கு இவ்வளவுதான் மச்சான் முடிஞ்சுது!"

இந்தப் பெருமையைத்தான் நாங்கள் கேள்வி கேட்கிறோம்.

சிக்கனம் தப்பு என்று சொல்ல வரவில்லை. மாசம் முடியும் முன்னமே சம்பளம் முடிந்துபோகிற வீடுகளில் வளர்ந்த எங்களுக்கு அதை யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. எதில் சிக்கனம் பிடிக்கிறீர்கள் என்பதுதான் எங்கள் கேள்வி. டிக்கெட் காசு திணைக்களத்துக்குப் போகிறது. ரூம் காசு ஹோட்டல் முதலாளிக்கு. வான் காசு நீங்கள் கிளம்பிய ஊரிலேயே தங்கிவிடுகிறது. நீங்கள் பார்க்க வந்த மலையில் வாழ்கிறவர்களின் கைக்கு நேராகப் போய்ச் சேரக்கூடிய செலவு, அநேகமாகச் சாப்பாடு ஒன்றுதான். அதையே முதலில் வெட்டினால், மூன்று நாள் எங்கள் மலையில் இருந்தும் எங்கள் ஆட்களிடம் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காமல் போகிறீர்கள் என்றுதான் அர்த்தம்.

காசு தாராளமாக உள்ளவர்களின் டூர் வேறு மாதிரி. காசல்ரி நீர்த்தேக்கத்தைச் சுற்றிப் பழைய துரைமார் பங்களாக்கள் இன்று ஹோட்டல்களாக இருக்கின்றன. அங்கே ஒரு நாள் கட்டணத்துக்குள்ளேயே மூன்று வேளைச் சாப்பாடும் மாலைத் தேநீரும் அடங்கிவிடும். பங்களா கேட்டைத் தாண்டி ஒரு ரொட்டி வாங்கிச் சாப்பிட வேண்டிய தேவையே வராது. பார்சல் கட்டிக்கொண்டு வருகிறவரும் பங்களாவில் தங்குகிறவரும் ஒரு விஷயத்தில் ஒன்று: இருவருடைய சாப்பாட்டுக் காசும் லயத்துப் பக்கம் திரும்புவதில்லை.

அந்த மாலைத் தேநீரையே எடுத்துக்கொண்டு ஒரு கணக்குப் போடுவோம். ஏறக்குறைய நாலரைக் கிலோ பச்சைக் கொழுந்து காய்ந்தால் ஒரு கிலோ தேயிலை. பல தோட்டங்களில் ஒரு முழுப்பேருக்கு 18 கிலோ கொழுந்து கேட்கிறார்கள், சில இடங்களில் அதற்கும் மேலே. 18 கிலோ கொழுந்திலிருந்து 4 கிலோ தேயிலை வரும். ஒரு தேயிலைப் பைக்குள் 2 கிராம் என்றால், ஒரு அக்கா ஒரு நாள் முழுக்கப் பறித்தது 2000 கோப்பைத் தேநீர். நாள் சம்பளம் 2021இல் போராடி 1000 ரூபாய் ஆனது. 2024 செப்டெம்பரில் 1350 ஆனது. 2026க்கான பாதீட்டில் 1550 ரூபாய், அதோடு அரசு தருகிற 200 ரூபாய் வருகைக் கொடுப்பனவு, மொத்தம் 1750 என்றார்கள். அந்த 1750ஐயே 2000ஆல் வகுத்துப் பாருங்கள். கோப்பைக்கு 88 சதம். ஒரு ரூபாய்கூட இல்லை. அடுத்த முறை வியூ பார்த்தபடி தேத்தண்ணி குடிக்கும்போது பில்லில் இருக்கிற விலைக்குப் பக்கத்தில் இந்த 88 சதத்தை எழுதிப் பாருங்கள்.

"இயற்கையைப் பார்க்கத்தானே வந்தோம், இதெல்லாம் எதற்கு?" என்று கேட்பீர்கள். ஹோர்ட்டன் சமவெளி இயற்கைதான், ஒத்துக்கொள்கிறோம். 1988இல் தேசியப் பூங்காவாகி, 2010இல் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்த காடு அது. ஆனால் அதற்குப் போகிற வழியெல்லாம் பச்சையாகத் தெரிகிறதே, அது காடில்லை. காட்டை வெட்டிக் கோப்பி போட்டு, கோப்பி நோயில் அழிந்த பிறகு தேயிலை போட்டு, இருநூறு வருசமாக எங்கள் ஆட்கள் கூலிக்கு உழைத்த வேலைத்தளம். ஹற்றனிலும் தலவாக்கலையிலும் நீங்கள் வானை நிறுத்திப் படமெடுக்கிற இடத்தில் ஒருவர் கிலோவுக்காக ஓடிக்கொண்டிருக்கிறார். போஸ் கொடுக்கச் சொல்லி நிறுத்துகிற பத்து நிமிசமும் அவருடைய கொழுந்துக் கணக்கிலிருந்துதான் போகிறது. கிலோ குறைந்தால் முழுப்பேர் அரைப்பேர் ஆகும். உங்கள் பட்ஜெட்டில் இதற்கு ஒரு வரி இருக்கிறதா?

குப்பைக்கும் ஒரு வரி இல்லை. ஹோர்ட்டன் சமவெளி வாசலில் பையைத் திறந்து பார்த்து பொலித்தீனை எடுத்துவிடுவார்கள். தோட்டத்துக்கு அப்படி வாசல் கிடையாது. வழியில் பிரித்துத் தின்ற பார்சலின் லஞ்ச் ஷீட் கானில் விழுந்து, கானிலிருந்து ஓடைக்குப் போய், கீழ் லயத்துப் பீலியில் வந்து நிற்கும். அந்தப் பீலித் தண்ணியைத்தான் அங்கே குடிக்கிறார்கள்.

இனி நியாயமான ஒரு கேள்விக்கு வருவோம். "சாப்பிட நாங்க ரெடி. ஆனா தோட்டத்தில கடை எங்க இருக்கு?" சரியான கேள்வி. பல இடங்களில் கடை இல்லை. ஏன் இல்லை என்பதில்தான் விசயமே இருக்கிறது. 1972, 1975 காணிச் சீர்திருத்தங்களில் தோட்டங்கள் அரசுக்குப் போயின. 1992இல் நிர்வாகம் கம்பெனிகளின் கைக்கு மாறியது. பரம்பரையாக இருந்தும், லயத்துக் காம்பரா அதில் குடியிருக்கிறவருக்குச் சொந்தமில்லை. வாசலில் ஒரு பெஞ்சு போட்டு ரொட்டியும் கட்டச் சம்பலும் விற்க நினைத்தாலும் தோட்டத்துத் துரையின் முகத்தைப் பார்க்க வேண்டும். பங்களாவை ஹோட்டலாக்க வழி இருக்கிற இதே மலையில், காம்பராவில் இருக்கிறவர் ஒரு டீக்கடை போட வழி இல்லை. வீட்டுத்திட்டம் வந்த இடங்களிலும் கிடைப்பது 7 பேர்ச் காணியும் 550 சதுர அடி வீடும்தான். அதில் குடும்பம் படுக்கவே இடம் போதாது, விருந்தாளிக்கு ரூம் எங்கிருந்து ஒதுக்குவது?

ஆகவே காணி உரிமைக் கோரிக்கையும் சுற்றுலாவும் வேறு வேறு பிரச்சினை இல்லை. கண்டி ஹந்தானையில் தொடங்கி நுவரெலியாவில் முடிகிற பீகோ டிரெயில் நடைபாதை 22 கட்டங்களாக 300 கிலோமீட்டருக்கு மேல் போகிறது. அதில் பெரும்பகுதி தோட்டத்துப் பாதை. உலகமே நடந்து போகிற அந்தப் பாதையில் எங்கள் அம்மாமார் சொந்தப் பெயரில் ஒரு கடை போட முடியவில்லையென்றால், சுற்றுலா வளர்ந்து யாருக்கு என்ன லாபம்? பாதையோரத்தில் தொழிலாளர் குடும்பங்கள் கடை வைக்கவும் விருந்தினர் அறை நடத்தவும் சட்டப்படி இடம் தர வேண்டும். இதை அரசிடமும் கம்பெனிகளிடமும் கேட்கிறோம். உங்களையும் எங்களோடு சேர்ந்து கேட்கச் சொல்கிறோம்.

எங்கள் பக்கத்திலேயே சிலர் வேறொன்று சொல்வார்கள்: "இவ்வளவு காலம் துரைக்கு ஆக்கிப் போட்டது போதாதா? இனி டூரிஸ்டுக்கும் ஆக்கிப் போடணுமா?" இந்தக் கோபத்தை நாங்கள் மதிக்கிறோம். ஆனால் துரை பங்களாவில் ஆக்கிப்போட்டபோது சம்பளத்தைத் துரை தீர்மானித்தார். சொந்த அடுப்பில் ஆக்குகிறவர் விலையைத் தானே தீர்மானிக்கிறார். வேண்டாமென்றால் "இன்னைக்கு இல்ல தம்பி" என்று சொல்லிவிடலாம். அந்த ஒரு வார்த்தையைச் சொல்ல முடிவது சின்ன விசயமில்லை.

சரி, கையில் காசு குறைவாக இருக்கிற இளைஞர்கள் என்ன செய்வது? பட்ஜெட்டைக் கூட்டச் சொல்லவில்லை, மாற்றிப் போடச் சொல்கிறோம். மூன்று நாளுக்குள் ஏழு இடம் பார்க்கிற வெறியை விட்டு ஒரு இடத்தைக் குறையுங்கள். அதனால் மிஞ்சுகிற வான் காசையும் டிக்கெட் காசையும் சாப்பாட்டுக்கு மாற்றுங்கள். ஒரு நாளைக்கு ஒரு வேளையாவது நீங்கள் நிற்கிற ஊர்க் கடையில் சாப்பிடுங்கள். தோட்டத்துக்குள் நடக்கப் போகிறீர்கள் என்றால் முதல் நாளே தெரிந்தவர் மூலம் ஒரு வீட்டில் சொல்லிவைத்து, முன்பணமும் கொடுத்துவிடுங்கள். கடன் வாங்கி மாவும் தேங்காயும் வாங்கியபின் நீங்கள் வராமல் போனால் நட்டம் அவர்களுக்குத்தான். சிவனொளிபாத மலைக்கு டிசம்பர் பௌர்ணமி முதல் மே வெசாக் வரைதான் சீசன். மற்ற மாதங்களில் போகிறவர்கள் வழிக்கடையை நம்பாமல் நல்லதண்ணியிலேயே சாப்பாட்டைச் சொல்லி வாங்கிக்கொண்டு ஏறுங்கள்.

வழிகாட்ட ஊர்த் தம்பியையோ தங்கச்சியையோ கூப்பிட்டால் "ஏதாச்சும் தாறோம்" என்று இழுக்காதீர்கள். தொகையை முன்னமே பேசுங்கள். ஒரு நாள் கொழுந்துச் சம்பளத்தைவிட அது கூடவே இருக்க வேண்டும். உங்களோடு வருவதற்காக அவர் விடுகிற வேலைக்கும் சேர்த்துத்தான் அந்தக் காசு. ஆறு பேர் பிரித்துக்கொண்டால் யாருக்கும் பாரமில்லை. ரொட்டி விலையில் பேரம் பேசாதீர்கள். படகுக்காரரிடம் பேசாத பேரத்தை அடுப்படியில் நிற்கிற அக்காவிடம் மட்டும் எதற்குப் பேசுகிறீர்கள்? லயத்துப் பிள்ளைகளுக்கு வானிலிருந்து டொபி வீசுகிற பழக்கத்தையும் விட்டுவிடுங்கள். அவர்கள் ஹோர்ட்டன் சமவெளி மரைகள் இல்லை. மரைகளுக்கே தீனி போடக் கூடாது.

திரும்பிப் போனதும் தலைக்கு எவ்வளவு முடிந்தது என்று கட்டாயம் கணக்குப் பாருங்கள். அதோடு இன்னொரு கணக்கையும் எழுதுங்கள்: அதில் எவ்வளவு மலையிலேயே தங்கியது? இரண்டாவது தொகை பூச்சியம் என்றால் அந்த டூர் மலிவாக முடிந்ததென்று பெருமைப்படாதீர்கள். நீங்கள் கொடுக்காத காசுக்குப் பதிலாக 88 சதத்துக்குக் கொழுந்து பறிக்கிற ஒரு அக்கா தன் பங்கைக் கொடுத்திருக்கிறார்.