எலி விழுந்தால் வீட்டைப் பூட்டினார்கள்

கோவையில் பிளேக் மாரியம்மன் கோயில்கள் இன்றும் இருக்கின்றன. நூறு ஆண்டுகளுக்கு முன் பிளேக் திரும்பத் திரும்ப வந்து ஊரைக் காலி செய்த காலத்தின் மிச்சம் அவை. கூரையிலிருந்து எலி செத்து விழுந்தால் போதும், சட்டிபானையைக் கட்டிக்கொண்டு ஊருக்கு வெளியே குடிசை போடக் கிளம்பிவிடுவார்கள். சாமியையும் கும்பிட்டார்கள், எலியையும் கவனித்தார்கள்.

இப்படியொரு கிருமியை ஒருவர் வேண்டுமென்றே ஏவினால் அது உயிரித் தாக்குதல். அந்தப் பெயரைக் கேட்டதும் நமக்குச் சினிமாவில் பார்த்த முகமூடிதான் நினைவுக்கு வருகிறது. நிஜம் அவ்வளவு பகட்டாக வருவதில்லை. 1933 நவம்பரில் ஹவுரா ரயில் நிலையக் கூட்டத்தில் பாக்கூர் ஜமீன் வாரிசு அமரேந்திர பாண்டேயின் கையில் யாரோ சுருக்கென்று குத்திவிட்டுப் போனார். பத்து நாள்கூடத் தாங்கவில்லை. ரத்தத்தில் பிளேக் கிருமி. பின்னணியில் சொத்துத் தகராறு.

1984-ல் அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில் சாமியார் ரஜனீஷின் சீடர்கள் சிலர் உணவகங்களின் சாலட்டில் சால்மோனெல்லா கிருமியைக் கலந்தார்கள். 751 பேர் வயிற்றுப்போக்கில் விழுந்தார்கள். சமையல்காரர்கள் சுத்தமாக இல்லை என்றே அதிகாரிகள் முதலில் முடிவு கட்டினார்கள். சதி என்று தெரிய ஓராண்டு ஆனது.

அதிகாரிகளுக்கே ஓராண்டு என்றால், பவானியில் ஜமக்காளம் நெய்கிற குடும்பத்துக்கு எப்படித் தெரியும்? தெரிய வேண்டியதும் இல்லை. சதியோ சாக்கடையோ, அடுப்படியில் செய்ய வேண்டியது ஒன்றுதான்: தண்ணீரைக் கொதிக்க வைத்து மூடி வைப்பது, சோப்புப் போட்டுக் கை கழுவுவது. பேதி கண்டால் ஒரு லிட்டர் நீருக்கு ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. தலைதட்டி அளக்க வேண்டும். கூடவே ஒரு தெர்மாமீட்டர், கொஞ்சம் மாஸ்க், பெரியவர்களின் பிரஷர், சர்க்கரை மாத்திரை ஒரு மாதத்துக்கு. இதற்கு மேல் மருந்தைப் பதுக்க வேண்டாம். 2001-ல் ஆந்த்ராக்ஸ் கிருமித் தூள் வைத்த கடிதங்கள் வந்தபோது அமெரிக்கர்கள் பலர் ஆன்டிபயாடிக்கை வாங்கிப் பதுக்கினார்கள். ஆளுக்கு ஆள் தொற்றாத நோய்க்கு!

சிக்கல் வேறிடத்தில். நோயாளியைத் தனியறையில் வையுங்கள் என்று நோய்த்தடுப்புத் துண்டறிக்கை சொல்லும். இருக்கும் ஒரே அறையில் பாதியைக் குழித்தறி பிடித்துக்கொண்ட வீட்டில், தறிக்குழிக்குள்ளா படுக்க வைப்பது? 2018 ஆகஸ்டில் காவிரி பெருகியபோது கரையோரக் குடும்பங்களை முகாம்களில் தங்கவைத்த ஊர் பவானி. அதுபோல நோய்க்காலத்துக்கும் இடங்களை நகராட்சி இப்போதே குறித்து வைக்கலாம்.

ஒரே தெருவில் நாலு வீட்டில் ஒரே வாரம் பேதி என்றால் அரசு ஆஸ்பத்திரியில் போய்ச் சொல்ல வேண்டும். சொல்கிறார்களா? மெடிக்கலில் ரெண்டு மாத்திரையை வாங்கி விழுங்கிவிட்டுத் தறியில் உட்காருகிறவர்களே அதிகம். தறி நின்றால் கூலி நின்றது. நோய்க்காலக் கூலிக்கு ஒரு வழி செய்யாமல் அந்தத் தெருவில் எத்தனை துண்டறிக்கை கொடுத்து என்ன?