உம்மா சுவிட்சைப் போட்டால் போதும்

பழைய சாமான் வாங்குபவர் வந்தால் கொடுத்துவிடலாம் என்று உம்மா ஒதுக்கி வைத்திருந்த ஒரு கணினியைப் பற்றியது இது. கோர் 2 டியூவோ செயலி, 2 ஜிபி நினைவகம். வாப்பாவின் கடையில் பில் அடித்து ஓய்ந்தது. அதில் விண்டோஸ் எழும்பி வருவதற்குள் தேநீர் ஆறிவிடும்.

2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா புயலை நம்மில் யாரும் மறந்திருக்க மாட்டோம். அக்காமாரின் உயர்தரப் பரீட்சை இடைநடுவில் ஒத்திவைக்கப்பட்டது. நோர்வூட்டில் எங்கள் வீட்டுக்கு மின்சாரம் திரும்பிய பிறகும் சிக்னல் வரவில்லை. என் குறிப்புகளும் கடந்தகால வினாத்தாள்களும் கூகுள் ட்ரைவில் இருந்தன. 'கிளவுட்' என்கிறார்கள். நோர்வூட்டில் மேகத்துக்கா பஞ்சம்? ஒரு பக்கம்கூடத் திறக்கவில்லை.

அந்தக் கணினியை வீட்டுச் சேவையகமாக்கும் எண்ணம் அப்போதுதான் வந்தது. வினாத்தாள்களையும் கிவிக்ஸ் மூலம் தமிழ் விக்கிப்பீடியாவையும் அதில் வைத்துவிட்டால், இணையம் இல்லாமலே வீட்டு வைஃபையில் திறக்கலாம். என்னோடு படிக்க வரும் தோட்டத்துத் தோழியரும் தங்கள் தொலைபேசியில் பார்க்கலாம்.

எந்தப் பணிசெயல் முறைமையைப் போடுவது? கொழும்பிலிருக்கும் நானா, "ஃப்ரீபிஎஸ்டி போடு தங்கச்சி, இசட்எஃப்எஸ் இருக்கு, ஒரு ஃபைலும் கெடாது" என்றார். இசட்எஃப்எஸ் நல்லதுதான். ஆனால் அதற்கு நினைவகம் தாராளமாக வேண்டும். வன்தட்டு ஒன்றுதான் என்றால், கோப்பு கெட்டுவிட்டதைக் கண்டுபிடித்துச் சொல்லுமே தவிர, திருத்துவதற்கு அதனிடம் மறுபிரதி இராது.

என் மனம் ஓபன்பிஎஸ்டியில்தான் இருந்தது. பாதுகாப்பில் கண்டிப்பானது, கையேடுகளும் தெளிவானவை. ஆனால் ஆறு மாதத்துக்கொரு பதிப்பு வரும், கடைசி இரண்டுக்கு மட்டுமே திருத்தங்கள் கிடைக்கும். அப்படியென்றால் வருடத்துக்கு ஒரு முறையாவது மேம்படுத்த வேண்டும். அதன் கோப்பு முறைமையில் ஜேர்னலிங்கும் இல்லை. மின்சாரம் நின்று வந்தால் வன்தட்டு முழுவதையும் சோதிக்கும். சில வேளை விசைப்பலகை முன்னால் ஆள் உட்கார வேண்டிவரும்.

தவணைக் காலத்தில் நான் விடுதியில். வீட்டில் உம்மா மட்டுமே. எது வேகமானது, எது பாதுகாப்பானது என்று ஒப்பிடுகிறவர்கள் மின்வெட்டைக் கணக்கில் எடுப்பதில்லை. கணினி விழுந்தால் யார் தூக்கி நிறுத்துவார் என்பதைத்தான் முதலில் கேட்க வேண்டும் என்பது என் கருத்து. உம்மா சுவிட்சைப் போட்டால் அது தானாக எழும்ப வேண்டும்.

அதனால் டெபியன் 13. 2025 ஓகஸ்டில் வெளியானது. நீண்டகால ஆதரவையும் சேர்த்தால் 2030 வரை பாதுகாப்புத் திருத்தங்கள் வரும். அதன் இஎக்ஸ்டி4 கோப்பு முறைமையில் ஜேர்னல் உண்டு. வாப்பா பேரேட்டில் ஏற்றுமுன் சிட்டையில் குறித்துக்கொள்வது போல, செய்யப்போகும் மாற்றத்தை முதலில் குறித்துக்கொள்ளும். இடையில் மின்சாரம் நின்றால் சிட்டையைப் பார்த்துச் சரிசெய்துகொள்ளும். சேமிக்காமல் விட்டதை மட்டும் எதுவும் மீட்டுத் தராது.

உங்கள் வீட்டிலும் பழைய கணினி இருந்தால் ஒன்றைக் கவனியுங்கள். டெபியன் 13இல் 32 பிட் கணினிகளுக்கான நிறுவி இல்லை. அவற்றுக்கு டெபியன் 12 போடலாம். 2028 ஜூன் வரை தாங்கும்.

"பொம்புளப் புள்ளைக்கு ஏன் இந்த வேலை?" என்று உறவினர் ஒருவர் கேட்டார். பரீட்சையில் பணிசெயல் முறைமையின் தொழில்களை எழுதி நாம் புள்ளி வாங்குகிறோம். ஒன்றையாவது நிறுவிப் பார்த்தவர்கள் நம் வகுப்பில் எத்தனை பேர்? எனக்கு மூன்றாவது தடவைதான் சரிவந்தது. முதல் இரண்டு தடவையும் பிழை என்னுடையது.

இப்போது மின்சாரம் வந்ததும் அது தானாகவே எழும்புகிறது. தாய்ப்பலகையிலுள்ள சின்னப் பற்றரி செத்துவிட்டதால் கடிகாரம் மட்டும் பல வருடம் பின்னால் போய்விடுகிறது. அடுத்த விடுமுறைக்குப் போகும்போது ஹட்டனில் ஒன்று வாங்க வேண்டும்.