பழைய மடிக்கணினிக்கு எந்த லினக்ஸ்?

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11-க்கு மாற வேண்டுமானால் டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்பு வசதியும் ஓரளவு புதிய செயலியும் வேண்டும். பீடோரில் அண்ணனிடமிருந்து தம்பிக்கு வந்த பழைய மடிக்கணினியில் அவை இருக்குமா என்பது சந்தேகம்தான். அதற்காக அதைத் தூக்கிப் போட வேண்டியதில்லை. லினக்ஸ் கற்றுக்கொள்ள அதுவே போதும்.

எந்த லினக்ஸ்? இங்கேதான் மாணவர்கள் பலர் தடுமாறுகிறார்கள். யூடியூப்பில் கறுப்புத் திரையில் பச்சை எழுத்துகள் ஓடுவதைப் பார்த்துவிட்டு, உடனே காலி லினக்ஸைத் தேடுகிறார்கள். அது கணினிப் பாதுகாப்பைச் சோதிக்கும் வல்லுநர்களுக்கானது. லினக்ஸுக்குப் புதியவர்களுக்கு அது ஏற்றதல்ல என்று அதை உருவாக்கியவர்களே எழுதி வைத்திருக்கிறார்கள். சைக்கிள் பழகுமுன் லோரியில் ஏறி உட்காருவானேன்?

என் தேர்வு லினக்ஸ் மின்ட், அதிலும் எக்ஸ்.எஃப்.சி.இ. பதிப்பு. 2006-இல் வந்த இது உபுண்டுவை அடித்தளமாகக் கொண்டது. 2 ஜி.பி. நினைவகத்திலும் இயங்கும், 4 ஜி.பி. இருந்தால் நல்லது. மெனு இடது மூலையில் இருப்பதால் விண்டோஸில் பழகிய கை தடுமாறாது. உபுண்டுவும் நல்லதுதான். ஆனால் அதன் வழக்கமான திரை 4 ஜி.பி. கணினியில் மூச்சு வாங்கும். படிவம் 4 கணினி அறிவியலுக்கு வேண்டிய ஜாவாவை மின்ட்டில் ஒரு காசு செலவில்லாமல் நிறுவலாம். தமிழ் விசைப்பலகையையும் சேர்த்துக்கொள்ளலாம்.

இவ்வளவு சொன்ன பிறகும் ஒன்று: உங்கள் வகுப்புத் தோழி ஏற்கெனவே உபுண்டு வைத்திருந்தால், மின்ட்டை விட்டுவிட்டு நீங்களும் உபுண்டுவையே எடுங்கள். இரவு பத்து மணிக்கு ஏதாவது சிக்கினால் கேட்க ஆள் வேண்டாமா? கேரளத்தின் அரசுப் பள்ளிகள் பல ஆண்டுகளாகக் கட்டற்ற மென்பொருளில்தான் கணினிப் பாடம் நடத்துகின்றன. உபுண்டுவை அடிப்படையாகக் கொண்டு கைட் என்ற அரசு நிறுவனம் பள்ளிகளுக்கென்றே ஓர் இயங்குதளத்தைத் தயாரித்துத் தருகிறது. ஆசிரியரும் மாணவரும் பக்கத்து வீட்டுப் பையனும் ஒரே திரையைப் பார்ப்பதால், ஒருவருக்குத் தெரிந்தது மற்றவருக்கும் பயன்படுகிறது. இங்கே நமக்கு அப்படி ஏற்பாடு இல்லை. நண்பர்கள் இருவர் மூவர் சேர்ந்து அதை உண்டாக்கிக்கொள்ள வேண்டியதுதான். வாரத்துக்கு ஒரு லினக்ஸ் மாற்றிப் பார்ப்பவர்கள் நிறுவத்தான் கற்கிறார்கள், பயன்படுத்தக் கற்பதில்லை.

வீட்டில் இருப்பது ஒரே மடிக்கணினியாக இருக்கலாம். அதில் அப்பாவின் கணக்கும் அக்காவின் பல்கலைக்கழக விண்ணப்பமும் இருக்கலாம். நிறுவும்போது ‘வட்டை அழி’ என்பதைத் தவறுதலாகத் தேர்ந்தெடுத்தால் எல்லாம் போய்விடும். அதனால் முதல் மாதம் எதையும் நிறுவாதீர்கள். 8 ஜி.பி. பென் டிரைவ் ஒன்றில் மின்ட்டை எழுதி, கணினியை அதிலிருந்தே தொடங்கலாம். சற்று மெதுவாக ஓடும். ஆனால் நீங்களாகத் தொடாதவரை உள்ளிருக்கும் கோப்புகளுக்கு ஒன்றும் ஆகாது. அணைத்ததும் பழைய விண்டோஸ் அப்படியே இருக்கும். ஒலி வருகிறதா, வை-ஃபை கிடைக்கிறதா என்று அப்போதே பார்த்துவிடுங்கள். வை-ஃபை மக்கர் செய்தால் கைப்பேசியை யு.எஸ்.பி. கம்பியால் இணைத்து இணையத்தைப் பகிருங்கள். மின்ட்டில் உள்ள இயக்கி மேலாளரைத் திறந்தால், அந்த வை-ஃபைக்கு வேண்டிய மென்பொருள் கிடைக்குமா என்பதை அதுவே காட்டிவிடும்.