பெருநாளுக்கு முன்பே வந்து சேர வேண்டியவை

நோன்புப் பெருநாளில் முஸ்லிம் பெருமக்கள் தவறாது நிறைவேற்றும் கடமை ஒன்று உண்டு. அன்றையத் தேவைக்கு மேல் சிறிதேனும் வைத்திருக்கும் குடும்பத் தலைவர், தம் வீட்டில் உள்ள ஒவ்வொருவருக்கும், கைக்குழந்தை உட்பட, தலைக்கு இவ்வளவென்று கணக்கிட்டு ஏழைகளுக்கென்று கொடுத்தாக வேண்டும். இதற்கு ஃபித்ரா என்று பெயர். நம் நாட்டில் தலைக்கு ஏறக்குறைய 2.7 கிலோ அரிசி அல்லது அதற்குரிய பணம் என்பது கணக்கு. இதில் அளவைக் காட்டிலும் நேரம் முக்கியம். பெருநாள் தொழுகைக்கு முன்பே அதைக் கொடுத்துவிட வேண்டும். தொழுகை முடிந்த பிறகு கொடுத்தால் சாதாரண தருமக் கணக்கில் சேருமேயன்றி ஃபித்ரா ஆகாது. அன்று நோன்பு வைப்பதற்கும் அனுமதி இல்லை. ஒருவரும் பட்டினி கிடக்கலாகாத நாள் அது.

இந்த மார்க்க விதியில் தொழிலாளர் உலகிற்கும் ஒரு பாடம் இருப்பதாக நாம் கருதுகிறோம். பெருநாளைப் பெற்றோரோடும் மனைவி மக்களோடும் கூடியிருந்து கொண்டாட ஒரு தொழிலாளிக்கு வேண்டியவை மூன்று: லீவு, கையில் காசு, தன் வேலையைப் பார்த்துக்கொள்ள ஒரு சக தொழிலாளி. இம்மூன்றும் பெருநாளுக்கு முன்பே வந்து சேர வேண்டும். பின்னால் வந்து பயனில்லை.

முஸ்லிம் தொழிலாளர் என்று நாம் சொல்வது யாரை? பக்கத்துக் கம்பத்திலிருந்து வேலைக்கு வரும் மலாய்க்காரர் உண்டு. நம் மொழியே பேசும் தமிழ் முஸ்லிம் குடும்பத்தார் உண்டு. கடல் கடந்து வந்து நம்மோடு பெரட்டுக்கு நிற்கும் இந்தோனேசியரும் வங்காளதேசத்தவரும் உண்டு. விடியுமுன் எழுந்து, சஹர் உணவு உண்டு, தொண்டை நனைக்கத் தண்ணீர் இன்றி நிரை பிடித்து மரம் வெட்டி, வெயில் ஏறியபின் பால் எடுத்து ஸ்டோருக்குச் சுமந்து வருகிறவர்கள் இவர்கள். ஒரு மாதம் இப்படி உழைத்தவர் பெருநாளில் தம் தாயின் கையால் ஒரு வாய் உண்ண ஆசைப்படுவது அதிகப்படியாகுமா?

முதலில் லீவைப் பார்ப்போம். தீபகற்ப மலேசியாவில் நடப்பிலுள்ள 1955-ம் ஆண்டு வேலைச் சட்டம், ஆண்டுக்கு 11 பொது விடுமுறைகளைச் சம்பளத்தோடு கொடுக்கச் சொல்கிறது. அவற்றுள் ஐந்து கட்டாயமானவை: தேசிய நாள், மாமன்னர் பிறந்த நாள், மாநில ஆட்சியாளர் பிறந்த நாள் அல்லது கூட்டரசுப் பிரதேச நாள், தொழிலாளர் நாள், மலேசியா நாள். நோன்புப் பெருநாள் இந்த ஐந்தில் இல்லை, தீபாவளியும் இல்லை. அரசாங்கம் வெளியிடும் மற்ற விடுமுறைகளிலிருந்து ஆறு நாட்களை நிருவாகம் தேர்ந்தெடுத்து, ஆண்டு பிறக்குமுன் வேலையிடத்தில் எல்லார் கண்ணிலும் படும்படி அறிவிப்பு ஒட்ட வேண்டும். அதில் பெருநாளுக்கு ஒரு நாள் போட்டிருக்கிறார்களா, அரசாங்கம் விடும் இரண்டு நாட்களையும் போட்டிருக்கிறார்களா? ஆபீசுச் சுவரில் உள்ள அந்தத் தாளை நம்மில் எத்தனை பேர் நின்று படித்திருக்கிறோம்?

இன்னொரு விதியும் உண்டு. விடுமுறைக்கு முந்திய வேலை நாளிலோ அடுத்த வேலை நாளிலோ, முன் அனுமதி பெறாமலும் தக்க காரணம் இல்லாமலும் வேலைக்கு வராதவருக்கு அந்த விடுமுறைச் சம்பளம் கிடையாது. ஜொகூரில் மரம் வெட்டுகிறவர் கிளந்தானில் உள்ள தாயைப் பார்க்கப் போக ஒரு நாள், திரும்ப ஒரு நாள் வேண்டும். பெருநாள் நெரிசலில் பஸ்ஸும் ரயிலும் நிரம்பி வழியும். அனுமதி கேட்காமல் ஓடிப் போனால், போன நாட்களின் கூலியோடு பெருநாள் சம்பளமும் போய்விடும். ஆண்டு லீவு இருக்கிறது: இரண்டு ஆண்டுக்குக் குறைந்த சேவைக்கு 8 நாள், ஐந்து ஆண்டுக்குக் குறைந்தவருக்கு 12 நாள், அதற்கு மேல் 16 நாள். அதை முன்கூட்டியே எழுத்தில் கேட்டு, எழுத்தில் அனுமதி பெற வேண்டும். தண்டல் வாயால் தலையாட்டியது சம்பள நாளன்று நினைவுக்கு வராது.

பிறை விஷயத்தையும் மறக்கலாகாது. ரமலான் 29-ம் நாள் மாலை பிறை பார்த்த பின்னரே பெருநாள் உறுதியாகிறது. அன்றிரவு வானொலியிலும் தொலைக்காட்சியிலும் அறிவிக்கிறார்கள். இரவு அறிவிப்பைக் கேட்டுவிட்டு விடிவதற்குள் ஊர் போய்ச் சேர யாரால் முடியும்? ஆகவே பெருநாள் வரக்கூடிய இரண்டு நாட்களையும் சேர்த்தே லீவு கேட்க வேண்டும். கிராணிமார் செக்ரோலில் அதற்கேற்பக் குறித்துவைப்பது பெரிய உதவியாகும்.

அடுத்தது காசு. இஸ்லாமிய ஆண்டு நம் நாட்காட்டியைவிட ஏறத்தாழ 11 நாள் குறைவு. எனவே பெருநாள் ஆண்டுதோறும் முன்னே நகர்ந்து வருகிறது. 2024-ல் ஏப்ரல் 10-ம் தேதி வந்தது; 2025-ல் மார்ச் 31-ம் தேதி. ரப்பர் மரம் இலையுதிர்த்துத் துளிர்விட்டுப் பால் சுருங்கும் காலத்தை ஒட்டியே அது வந்தது. பால் குறைந்தால் எடைக் கூலி குறையும். எடைக் கூலிக்காரரின் விடுமுறைச் சம்பளமோ, முந்திய சம்பள காலத்தில் ஈட்டியதை வேலை செய்த நாட்களால் வகுத்து வருவது. அதுவும் சேர்ந்து குறைகிறது. சம்பள காலம் முடிந்த 7 நாட்களுக்குள் கூலி கொடுத்தால் போதும் என்கிறது சட்டம். மார்ச் 31-ல் பெருநாள் என்றால், மார்ச் மாதச் சம்பளம் ஏப்ரல் 7-ம் தேதி வந்தாலும் சட்டப்படி குற்றமில்லை. பிள்ளைகளுக்குப் புதுச் சட்டை மட்டும் ஏப்ரல் 7 வரை காத்திருக்குமா?

இதற்கு வழியில்லாமல் இல்லை. உழைத்து ஈட்டிய நாட்களின் கூலியை முன்னதாகவே கொடுக்கலாம். முந்திய மாதச் சம்பளத்திற்கு மேற்படாமல் முன்பணம் கொடுக்கவும் சட்டம் இடம் தருகிறது. நிருவாகத்திற்கு இதனால் ஒரு காசு நட்டமில்லை. வேண்டியது மனம் ஒன்றே.

கடல் கடந்து வந்தவர் நிலை இன்னும் கடினம். லயத்து வாசலில் அமர்ந்து, கைத்தொலைபேசியில் பிள்ளையின் முகம் பார்த்துப் பெருநாளைக் கழிக்கிறவர்கள் அவர்கள். ஊருக்குப் போக லீவும் காசும் இருந்தும், கடப்பிதழ் வேறொருவர் பெட்டியில் பூட்டிக் கிடந்தால் என்ன செய்வது? தகுந்த அதிகாரமின்றிப் பிறர் கடப்பிதழை வைத்திருப்பது 1966-ம் ஆண்டு கடப்பிதழ்ச் சட்டப்படி குற்றம். இதை அவர்களுக்கு எடுத்துச் சொல்வது நம் கடமை. போக முடியாமல் இங்கேயே தங்குகிறவர்களை அன்று நம் வீட்டுக்கு அழைத்து ஒரு வேளை உணவளிப்பதும் நம் கடமையே.

மூன்றாவதாகத் தோழமை. 2004 முதல் 2006 வரை தீபாவளியும் நோன்புப் பெருநாளும் சில நாள் இடைவெளியில் அடுத்தடுத்து வந்தன. அத்தகைய ஆண்டுகளில் எல்லாரும் ஒரே வாரத்தில் லீவு கேட்டால் நிருவாகம் கையை விரிக்கும். மற்ற ஆண்டுகளில் அந்தச் சங்கடம் இல்லை. பெருநாளை ஒட்டிய நாட்களில் முஸ்லிம் தொழிலாளியின் நிரையை நம்மவர் ஏற்கட்டும். தீபாவளியை ஒட்டிய நாட்களில் நம்மவர் நிரையை அவர் ஏற்பார். "ஆள் இல்லை" என்று சொல்லி லீவை மறுக்க இடமிராது. பெருநாளன்றே ஒருவர் வேலை செய்ய நேர்ந்தால், விடுமுறைச் சம்பளத்திற்கு மேல் இரட்டிப்புக் கூலி அவருக்கு உரியது. எடைக் கூலிக்காரருக்கும் அவ்வாறே. அதைக் கிராணிமார் செக்ரோலில் விடாமல் எழுத வேண்டும்.

ஒவ்வொரு தோட்டக் கமிட்டியும் நோன்பு பிறக்கும் முன்பே கூட வேண்டும். யார் யார் ஊருக்குப் போகிறார்கள், எத்தனை நாள், அவர்கள் நிரை யார் பொறுப்பு என்று பட்டியல் எழுத வேண்டும். அப்பட்டியலோடு முன்பணக் கோரிக்கையையும் சேர்த்து நிருவாகத்திடம் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்க வேண்டும். இன்று பெருநாளுக்காக இதைச் செய்து பழகினால், நாளை தீபாவளிக்கும் பொங்கலுக்கும் அதே பட்டியல் நமக்குத் துணை நிற்கும்.

முஸ்லிம் சகோதர சகோதரிகள் அனைவருக்கும் நமது பெருநாள் வாழ்த்து!