தூது போன பிள்ளை

இன்று அறுபதை எட்டியிருக்கும் தம்பதிகளில் பலர் ஒருவரையொருவர் பெயர் சொல்லி அழைத்தவர்கள் அல்லர். கலியாணமான புதிதில் "இந்தா", "உங்களைத்தான்" என்று ஒருவாறு காலம் தள்ளினார்கள். முதற் குழந்தை பிறந்ததும் அந்தச் சங்கடம் தீர்ந்தது. மனைவி 'ராஜு அம்மா' ஆனாள். கணவர் 'ராஜு அப்பா' ஆனார். ராஜுவுக்குப் பேச்சு வந்த பிறகோ சௌகரியம் இன்னும் அதிகம். "அப்பாவைச் சாப்பிட வரச் சொல்லு", "அம்மாவிடம் சாவி எங்கே என்று கேள்" என்று வீட்டு விவகாரம் முழுவதும் அவன் மூலமாகவே நடந்தது. சண்டை மூண்ட நாட்களில் தூது போனவனும் அவனே.

இருபத்தைந்து வருஷம் இப்படி நடந்தபின் ராஜுவுக்குப் பெங்களூரிலோ அமெரிக்காவிலோ உத்தியோகம் கிடைக்கிறது. போவதில் தவறு ஒன்றுமில்லை. அதற்காகத்தானே படிக்க வைத்தோம்? பிள்ளையைப் பிரிந்த துக்கத்தைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். தூதன் போனபின் இரண்டு ராஜ்யங்களின் கதி என்ன என்பதை யாரும் விசாரிப்பதாகக் காணோம்.

தமிழ்நாட்டில் அரசாங்க ஊழியர் ஓய்வு பெறும் வயது 2020-ல் 59 ஆகவும், 2021-ல் 60 ஆகவும் உயர்ந்தது. ஆகவே மணிவிழாவும் ஓய்வும் இப்போது ஒன்றாகவே வருகின்றன. பிள்ளைகள் ஓடிவந்து திருக்கடையூரில் விமரிசையாக விழா நடத்தி, மாலை மாற்றச் செய்து, மறுநாளே விமானம் ஏறிவிடுகிறார்கள். மாலை மாற்றிக்கொண்ட இருவரும் பூட்டிய வீட்டைத் திறந்து உள்ளே போகிறார்கள். என்ன பேசுவது?

நமக்குத் தெரிந்த ஒரு வீட்டில், அம்மாள் தினமும் இரவு மகனை டெலிபோனில் அழைத்து, "அப்பா மாத்திரை சாப்பிடவில்லை, நீ சொல்லு" என்பாள். அப்பா அடுத்த அறையில்தான் இருப்பார்! ஒரு நாள் பையன், "பக்கத்தில்தானே இருக்கிறார்? நீயே சொல்லேன், அம்மா" என்று கூறிவிட்டான். பையன் மாறிவிட்டான் என்று அந்த அம்மாள் நம் வீட்டுக்கு வந்து கண்ணீர் விட்டாள். அவன் சொன்னதே சரி என்று நமக்குத் தோன்றிற்று. சொல்லத்தான் தைரியம் வரவில்லை.

இதைவிடக் கொடுமை ஒன்றுண்டு. பெண்ணுக்குப் பிரசவம் என்று தாய் மட்டும் கடல் கடந்து போகிறாள். அமெரிக்காவில் பார்வையாளருக்கு வழக்கமாக 6 மாதம் வரை தங்க அனுமதி கிடைக்கிறது. அந்த ஆறு மாதமும் தகப்பனாருக்கு எடுப்புச் சாப்பாடு. அவள் திரும்பியதும் மருமகளுக்குப் பிரசவம்! "அம்மா இங்கே இருக்கட்டும், அப்பா அங்கே இருக்கட்டும்" என்று மக்கள் தங்களுக்குள் பேசி முடிக்கிறார்கள். சொத்தைப் பாகம் பிரித்தால் பத்திரம் எழுதுகிறோம். பெற்றோரைப் பாகம் பிரிக்கும்போது அவர்களை ஒரு வார்த்தை கேட்பதுகூட இல்லை. பெற்றோருக்கு ஜீவனாம்சம் கிடைக்க 2007-ல் சட்டம் வந்தது. ஜீவனாம்சம் வேறு, ஜீவனம் வேறு அல்லவா?

அமெரிக்காவில் மில்ஸ் கல்லூரியில் படித்த ஸ்திரீகளைப் பல்லாண்டுகள் தொடர்ந்து ஆராய்ந்து, 2008-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். மக்கள் வீட்டை விட்டுச் சென்றபின் அவர்களுக்கு இல்வாழ்க்கையில் திருப்தி அதிகரித்ததாம். கணவருடன் கழித்த நேரம் கூடியதனால் அல்ல. அந்த நேரம் இனிமையாக இருந்ததனாலேயே. பெயர் சொல்லி அழைத்துப் பழகியவர்களுக்கு அது சுலபம் என்று வாசகர்கள் நினைக்கலாம். நாமும் அப்படித்தான் நினைத்தோம்.

சென்ற ஜூன் மாதம் நம் பெண் கல்லூரி விடுதிக்குப் போனாள். அன்றிரவு இலையின் முன் உட்கார்ந்தோம். வீட்டு அம்மாள் கரண்டியைப் பிடித்தபடி, "அப்பாவுக்கு இன்னும் ரசம் வேண்டுமா என்று கேள்" என்றாள். கேட்க ஆளில்லை. இருவரும் காலியாயிருந்த இடத்தைச் சற்று நேரம் பார்த்தோம்.

"வேண்டும்" என்று நாமே சொன்னோம்.