கிடேரிக்கு வயதைப் பார்த்தால் போதாது, எடையைப் பாருங்கள்

மயிலாப்பூர், தியாகராய நகர், அடையாறு பகுதிகளின் சந்துகளில் இரண்டு, மூன்று கறவைகளை வைத்துப் பிழைப்போர் இன்றும் உண்டு. பால் கொடுக்கும் மாட்டுக்குத் தவிடும் பிண்ணாக்கும் கிடைக்கின்றன. கிடேரிக்கோ தெருதான் தீவனத் தொட்டி. குப்பைத் தொட்டியில் கிடக்கும் எச்சில் இலை, காகிதம், பிளாஸ்டிக் பை ஆகியவற்றை அது மேய்கிறது. "இரண்டு வயது முடிந்தும் பருவத்திற்கு வரவில்லையே" என்று பிறகு அங்கலாய்ப்பதில் பயனில்லை. கிராமத்தில் வைக்கோலை மட்டும் காட்டிக் கிடேரியை வளர்ப்பவருக்கும் இது பொருந்தும்.

கிடேரி பருவத்திற்கு வருவதை வயதைவிட உடல் எடையே பெரிதும் நிர்ணயிக்கிறது. முழு வளர்ச்சி பெற்ற பசுவின் எடையில் ஏறத்தாழ 60 சதவீதத்தை எட்டிய பின்பே கருவூட்டுவது நல்லது. ஜெர்சி கலப்பினக் கிடேரிக்கு இது சுமார் 220 முதல் 250 கிலோ. நாட்டு இனம் இயல்பாகவே தாமதமாகப் பருவமடையும்.

ஒரு கணக்குப் பார்ப்போம். பிறக்கும்போது 22 கிலோ இருந்த கன்று 228 கிலோ ஆக 206 கிலோ கூட வேண்டும். தினம் 380 கிராம் வளர்ந்தால் 18 மாதம் போதும். 250 கிராம்தான் வளர்ந்தால் 27 மாதமாகும். இடையிலுள்ள ஒன்பது மாதத் தீவனச் செலவு உடையவர் தலையில்தான் விழும். கன்றின் பாலை மிச்சம் பிடித்து விற்ற காசு இதற்கு ஈடாகாது.

எடை பார்க்கத் தராசு வேண்டியதில்லை. தையற்காரரின் அளவு நாடா போதும். முன்கால்களுக்குப் பின்புறம் மார்புச் சுற்றளவையும், தோள் முனையிலிருந்து பின் இடுப்பெலும்பு வரை நீளத்தையும் அங்குலத்தில் அளக்கவும். சுற்றளவைச் சுற்றளவால் பெருக்கி, அதை நீளத்தால் பெருக்கி, 660-ஆல் வகுத்தால் உத்தேச எடை கிலோவில் கிடைக்கும். சுற்றளவு 56, நீளம் 48 அங்குலம் என்றால் எடை சுமார் 228 கிலோ.

பிறந்தவுடன் சீம்பால், காலந்தவறாத குடற்புழு நீக்கம், பசுந்தீவனம், சிறிது அடர்தீவனம், தினம் 20 முதல் 30 கிராம் தாது உப்புக் கலவை ஆகியவை கிடேரியின் உரிமை. வெயில் காலத்தில் நிழலும் தாராளமான தண்ணீரும் அவசியம். கோடையில் பருவ அறிகுறிகள் மங்கலாகத் தெரியும். இரவில் வந்து போவதும் உண்டு. ஆகவே அதிகாலையிலும் அந்தியிலும் கவனிக்க வேண்டும். கண்ணாடி போன்ற வழும்பு, கத்தல், பிற மாடுகள் மீது தாவுதல் ஆகியவை அறிகுறிகள். காலையில் தெரிந்தால் மாலையிலும், மாலையில் தெரிந்தால் மறுநாள் காலையிலும் கருவூட்ட வேண்டும். தவறினால் மீண்டும் சுமார் 21 நாள் காத்திருக்க நேரும்.

அவசரமும் கூடாது. தெருவில் திரியும் கிடேரி, எடை கூடுமுன்பே ஏதோ ஒரு காளையால் சினையாகிவிடும். கன்று ஈனும்போது தாயும் கன்றும் ஆபத்துக்குள்ளாகும். எடை இருந்தும் பருவத்திற்கு வராத கிடேரியை மலடென்று தள்ளிவிடாமல் கால்நடை மருத்துவரிடம் காட்ட வேண்டும். சென்னைவாசிகளுக்கு வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை உண்டு.

அமாவாசையன்று பசுவுக்கு அகத்திக்கீரை கொடுப்பது நல்ல வழக்கம். ஆனால் மற்ற நாட்களிலும் கிடேரிக்குப் பசியுண்டு. தெருவில் விட்ட கிடேரி நாளைய பாலைக் குப்பையில் தேடுகிறது. கட்டி வைத்துத் தீனி போட வசதியில்லாதவர் ஒரு மாட்டைக் குறைத்துக்கொள்வதே லாபம்.