தேர்வு உயர்ந்தது, வகுப்பு எங்கே?

பாரிஸ் உணவகங்களில் வேலை நாள் இரண்டு துண்டாக இருக்கும். மதியச் சாப்பாட்டுக் கூட்டம் ஓய்ந்து மூன்று மணிவாக்கில் அடுப்பை அணைத்தால், ஆறு, ஆறரைக்கு மறுபடி பற்றவைக்க வேண்டும். இரவுப் பந்தி முடிந்து, பாத்திரம் கழுவி, தரை துடைத்து வெளியே வரும்போது கடைசி மெட்ரோ ரயிலைப் பிடிக்க ஓட வேண்டியிருக்கும். இந்தக் குசினிகளில் நாற்பது ஆண்டுகளாக ஈழத் தமிழர்கள் உழைத்துவருகிறார்கள். அதே நகரில் வேலைக்குப் போகும் பெரியவர்களுக்கென்று நடக்கும் பிரெஞ்சு வகுப்புகள் பெரும்பாலும் தொடங்குவது எப்போது? மாலை ஆறரை மணிவாக்கில்.

இது முன்பு ஓர் அசௌகரியமாக மட்டுமே இருந்தது. 2026 ஜனவரி 1 முதல் குடியுரிமையே இதில் சிக்கிக்கொண்டது. 2024 ஜனவரியில் பிறப்பிக்கப்பட்ட குடியேற்றச் சட்டத்தை அடுத்து வந்த விதிகளின்படி, ஐரோப்பிய மொழி அளவுகோலில் பல்லாண்டு வசிப்பு அட்டைக்கு ஏ2, பத்தாண்டு அட்டைக்கு பி1, குடியுரிமைக்கு பி2 என்ற மொழித் தகுதி கட்டாயமாகியிருக்கிறது. குடியுரிமைக்கு முன்பு பி1 போதும். அகதியாக ஏற்கப்பட்டவர்களுக்குப் பத்தாண்டு அட்டை மொழித் தேர்வு இல்லாமலே கிடைக்கும். ஆனால் குடியுரிமை கேட்டு மனுப்போட்டால் அவர்களும் பி2 காட்டியாக வேண்டும். எழுபது வயதைத் தாண்டி, பதினைந்து ஆண்டுகளுக்குக் குறையாமல் பிரான்ஸில் வாழ்ந்த அகதிகளுக்கு மட்டும் விலக்கு உண்டு. எண்பதுகளில் இருபது வயதில் வந்து இறங்கியவருக்கு அந்தச் சலுகை எட்ட இன்னும் சில ஆண்டுகள் காத்திருக்க வேண்டும்.

பி1க்கும் பி2க்கும் நடுவே ஒரு படிதானே என்று தோன்றலாம். அந்தப் படி உயரமானது. பி1 என்றால் கடை, வேலையிடம், பயணம், அண்டை வீடு என்று அன்றாடத்தைச் சமாளிக்கும் மொழி. பி2 என்பது வெளிநாட்டு மாணவர் பிரெஞ்சுப் பல்கலைக்கழகத்தில் முதலாண்டு சேர வழக்கமாகக் கேட்கப்படும் தகுதி. ‘டெல்ஃப்’ என்ற பிரெஞ்சு மொழித் தேர்வின் பி2 நிலையில் ஒரு மணி நேரத்துக்குள் குறைந்தது 250 சொற்களில் வாதம் எழுத வேண்டும்: நகராட்சிக்கு ஒரு முறையீடு, பத்திரிகைக்கு ஒரு கருத்துக் கடிதம் என்ற மாதிரி. வாய்மொழித் தேர்விலோ ஒரு சிறு கட்டுரையைப் படித்துவிட்டு, தன் நிலைப்பாட்டைத் தேர்வாளர் முன் நியாயப்படுத்த வேண்டும். முப்பது ஆண்டுகள் வெங்காயம் நறுக்கி, வரி கட்டி, பிள்ளைகளைப் பட்டதாரிகளாக்கிய ஒருவர் இதைச் செய்தால்தான் பிரெஞ்சுக்காரர்.

2025 தொடக்கத்தில் ‘பிரான்ஸ் இன்ஃபோ’ செய்தி நிறுவனம், பிரெஞ்சைத் தாய்மொழியாகக் கொண்ட பத்துப் பேரை இந்தத் தேர்வு எழுதவைத்தது. அவர்களில் ஐந்து பேர் எழுத்துத் தேர்வில் தேறவில்லை. அங்கேயே பிறந்து வளர்ந்தவர்கள் இவர்கள்.

கணக்கைப் போட்டுப் பார்த்தால் சிக்கல் தெளிவாகும். சுழியத்திலிருந்து பி2வரை போக ஆசிரியர் முன்னிலையில் ஏறத்தாழ 550 முதல் 650 மணி நேரம் வேண்டும் என்பது மொழிப் பள்ளிகள் பொதுவாகச் சொல்லும் கணக்கு. வாரத்துக்கு இரண்டு மாலை, தலா இரண்டு மணி நேரம் என்று ஒரு வகுப்பு. பள்ளி விடுமுறைகளைக் கழித்தால் ஆண்டுக்கு முப்பது வாரம், 120 மணி நேரம். ஒரு மாலைகூடத் தவறாமல் போனாலும் ஐந்து ஆண்டுகள் ஆகும். வீட்டில் பாடம் படிக்கும் நேரம் இதில் சேராது. பள்ளிப் படிப்பே போரில் பாதியில் நின்றவருக்கும், லத்தீன் எழுத்தில் வேகமாக எழுதிப் பழகாதவருக்கும் இந்தக் கணக்கு இன்னும் நீளும்.

அரசு தன் பங்குக்கு என்ன தருகிறது? புதிதாகக் குடியேறுபவர் பலர் 2016 முதல் ‘குடியரசு ஒருங்கிணைப்பு ஒப்பந்தம்’ என்ற ஒன்றில் கையெழுத்திடுகிறார்கள். அதன்படி அவரவர் தேவைக்கேற்ப நூறு மணி நேரம் முதல் அறுநூறு மணி நேரம்வரை பிரெஞ்சு வகுப்பு ஒதுக்குவது 2019 முதல் இருந்த ஏற்பாடு. குறை சொல்ல முடியாத எண்ணிக்கைதான். ஆனால் அந்த வகுப்பின் இலக்கு ஏ1, அதாவது அரிச்சுவடி. அதற்கு மேல் ஏ2, பி1 நோக்கி நடக்கும் தொடர் வகுப்புகளின் நேரம் வெகுவாகச் சுருங்கிவிடும். பி2வுக்கு வரும்போது, நகராட்சி வகுப்பு, தன்னார்வச் சங்கம், கைக்காசு இவைதான் கதி. அரிச்சுவடியைக் கற்றுக்கொடுத்துவிட்டு ஆய்வுரையைத் தேர்வில் கேட்கும் பள்ளிக்கூடத்தை யாரும் நல்ல பள்ளிக்கூடம் என்று சொல்ல மாட்டார்கள்.

அக்கம்பக்க நாடுகளைப் பார்த்தால் வேறுபாடு தெரியும். ஜெர்மனியில் ஒருங்கிணைப்புப் பாடத்தின் மொழிப் பகுதி பொதுவாக 600 பாடவேளை. அது இலக்கு வைப்பது பி1, குடியுரிமைக்குக் கேட்பதும் பி1. கொடுப்பதும் கேட்பதும் பொருந்துகின்றன. தமிழர் நிறைய வாழும் சுவிட்சர்லாந்து இன்னும் நிதானமாக யோசித்திருக்கிறது. அங்கே 2018 முதல் குடியுரிமைக்குப் பேச்சில் பி1, எழுத்தில் ஏ2 போதும். பேசத் தெரிந்தும் எழுத வராத தொழிலாளி இருப்பார் என்ற உண்மையைச் சட்டமே ஒப்புக்கொள்கிறது. பிரான்ஸ் பேச்சுக்கும் எழுத்துக்கும் ஒரே அளவுகோலை நீட்டுகிறது.

மொழி கேட்பதே அநியாயம் என்று இதற்குப் பொருளல்ல. வாழும் நாட்டின் மொழி தெரியாமல் ஒருவர் முப்பது ஆண்டுகள் இருப்பதில் யாருக்கும் நன்மை இல்லை. இதில் தமிழ்ச் சமூகமும் கொஞ்சம் கண்ணாடி பார்க்க வேண்டும். வட பாரிஸில் கார் து நோர் ரயில் நிலையத்தை ஒட்டிய லாச்சப்பல் பகுதியில் முருங்கைக்காய் முதல் தாலிச் சங்கிலிவரை தமிழிலேயே வாங்கலாம். முடி வெட்டலாம், பணம் அனுப்பலாம், 1985இல் தொடங்கிய மாணிக்க விநாயகர் கோயிலில் அர்ச்சனை செய்யலாம். குசினியில் கூட வேலை செய்பவரும் பல நேரம் தமிழர். பிரெஞ்சு தேவைப்படும் இடங்கள் மூன்றே மூன்று: அரசு அலுவலகம், மருத்துவமனை, பிள்ளையின் பள்ளிக்கூடம். மூன்றுக்கும் அந்தப் பிள்ளையையே கூட்டிக்கொண்டு போய்விடுகிறார்கள்.

2015இல் கான் திரைப்பட விழாவில் தங்கப் பனை விருது வென்ற ‘தீபன்’ படத்தில், எழுத்தாளர் ஷோபாசக்தி நடித்த பாத்திரத்துக்குப் பக்கத்தில் ஒரு சிறுமி நின்று பிரெஞ்சை மொழிபெயர்ப்பாள். படம் பார்த்த புலம்பெயர் தமிழருக்கு அந்தக் காட்சிகள் புதிதாக இருந்திருக்காது. தாயின் கர்ப்பப்பைக் கட்டியைப் பற்றி மருத்துவர் சொல்வதைப் பத்து வயதுப் பிள்ளை மொழிபெயர்க்கும் நிலை வரக்கூடாது. அதற்காகவாவது பெரியவர்கள் படிக்க வேண்டும்.

வயதாகிவிட்டால் மொழி வராது என்பது பாதிதான் உண்மை. நெதர்லாந்துக்குக் குடிவந்த ஆங்கிலம் பேசுவோர் டச்சு கற்றதைக் கேத்தரின் ஸ்னோவும் மரியன் ஹோஃப்னாகல்-ஹோலேவும் ஆராய்ந்து 1978இல் வெளியிட்டார்கள். முதல் சில மாதங்களில் பதின்வயதினரும் பெரியவர்களும் சின்னக் குழந்தைகளைவிட வேகமாகக் கற்றிருந்தார்கள். குழந்தைகள் பிறகு முந்துகிறார்கள், உச்சரிப்பில் கட்டாயம் முந்துகிறார்கள். ஆனால் தொடக்கத்தில் பெரியவரின் மூளை மந்தம் என்ற பேச்சு எடுபடாது. பெரியவரிடம் இல்லாதது நேரம். கூடவே, தப்பாகப் பேசினால் சிரிப்பார்களே என்ற கூச்சம்.

தமிழ் பேசுபவருக்குச் சில இடங்களில் பாதை சுலபம்கூட. யாரை ஒருமையில் அழைப்பது, யாரைப் பன்மையில் அழைப்பது என்பதில் ஆங்கிலேயர் தடுமாறுவார். நீயும் நீங்களுமாக வளர்ந்தவருக்கு அது தண்ணீர்பட்ட பாடு. பிரெஞ்சின் மூக்கொலி உயிர்களைக் கேட்டுப் பலர் மிரள்கிறார்கள். பேச்சுத் தமிழில் ‘மரம்’, ‘அவன்’ என்பவற்றின் கடைசி ஒலி மூக்கில்தான் முடிகிறது. கஷ்டம் வேறிடத்தில்: மேசை பெண்பால், புத்தகம் ஆண்பால் என்று ஒவ்வொன்றையும் மனப்பாடம் செய்வது, எழுதியதில் பாதியை உச்சரிக்காமல் விழுங்குவது, எழுபதை அறுபது-பத்து என்றும் தொண்ணூறை நாலிருபது-பத்து என்றும் சொல்லும் எண்கள். அங்கே தொலைபேசி எண்ணை இரண்டிரண்டு இலக்கமாகத்தான் சொல்வார்கள். கேட்டு எழுதுவதற்குள் பாதி எண் பறந்துவிடும்.

உழைப்பவர் இரவில் படிப்பது பாரிஸுக்குப் பழைய பழக்கம். 1830 புரட்சியை ஒட்டி, பொலிடெக்னிக் கல்லூரியின் பழைய மாணவர்கள் சங்கம் அமைத்துத் தொழிலாளருக்கு இலவச வகுப்பு நடத்தினார்கள். தத்துவவாதி ஒகுஸ்த் கோம்த் அந்தக் காலத்தில் தொழிலாளருக்கு வானியல் சொல்லிக்கொடுத்தவர். 1848இல் தோன்றிய ‘ஃபிலோடெக்னிக்’ சங்கம் இன்றும் மாலை வகுப்பு நடத்துகிறது. சிறுவர்கள் வீட்டுக்குப் போன பின் அதே பள்ளிக் கட்டடங்களில் பாரிஸ் நகராட்சி பெரியவர்களுக்குப் பாடம் நடத்துகிறது. ஆலையும் பட்டறையும் மாலையில் மூடிய காலத்துக்கு இந்த ஏற்பாடு பொருந்தியது. இன்று குடியேறிகளில் பலர் உழைப்பது குசினியிலும், விடிகாலை அலுவலகத் துப்புரவிலும், முதியோர் பராமரிப்பிலும். அவர்களுக்கு மாலை ஆறரை என்பது வேலை நேரம், அல்லது உறங்கும் நேரம்.

இதைச் சரிசெய்யப் பெரிய புரட்சி ஒன்றும் வேண்டாம். மூன்று மணிக்கும் ஆறு மணிக்கும் நடுவில் குசினிக்காரர்கள் வீட்டுக்கும் போக முடியாமல் தேநீர்க் கடையில் உட்கார்ந்திருக்கிறார்கள். வகுப்பை அந்த நேரத்தில் லாச்சப்பல் பக்கமே நடத்தலாம். பல உணவகங்கள் அடைத்திருக்கும் திங்கட்கிழமையை முழுதாகப் பயன்படுத்தலாம். ஒருங்கிணைப்பு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட ஊழியர், சம்பளம் குறையாமல் வேலை நேரத்திலேயே பிரெஞ்சு கற்க 2024 சட்டமே ஒரு வரம்புக்குள் வழி வைத்திருக்கிறது. பழைய குடியேறிகளுக்கும் அதை விரிக்க வேண்டும். முதலாளியிடம் போய் ஓர் உதவியாளர் தனியாக அந்த உரிமையைக் கேட்டுப் பெறுவார் என்று எதிர்பார்ப்பது வெகுளித்தனம். தொழிற்சங்கமும் நகராட்சியும் முன்னால் நிற்க வேண்டும். எழுத்துத் தேர்வின் அளவைச் சுவிஸ் பாணியில் இறக்கினால் பிரெஞ்சு மொழிக்கு எந்தக் கேடும் வராது.

இறக்கினால் விசுவாசம் குறையும் என்பவர்களுக்குப் புதுச்சேரி ஒரு பதில். அந்தப் பகுதியைப் பிரான்ஸ் இந்தியாவிடம் ஒப்படைத்த ஒப்பந்தம் 1962 ஆகஸ்ட் 16இல் நடைமுறைக்கு வந்தபோது, ஆறு மாதத்துக்குள் எழுத்தில் அறிவித்தாலே பிரெஞ்சுக் குடியுரிமையைத் தக்கவைத்துக்கொள்ளலாம் என்றிருந்தது. யாரிடமும் மொழித் தேர்வு கேட்கவில்லை. அப்படிக் கையெழுத்திட்ட குடும்பங்களில் வீட்டில் தமிழ் மட்டுமே பேசியவை ஏராளம். அவர்களுடைய பிள்ளைகளில் பலர் பிரெஞ்சு ராணுவத்திலும் அரசுப் பணியிலும் இருந்து ஓய்வூதியம் வாங்குகிறார்கள்.

விதி மாறும்வரை காத்திருக்க வேண்டாம் என்பதே பிரான்ஸில் உள்ள உறவினருக்குத் தமிழ் வாசகர்கள் தொலைபேசியில் சொல்ல வேண்டிய சேதி. குடும்ப விசாவுக்காக யாழ்ப்பாணத்திலோ சென்னையிலோ காத்திருப்பவர்கள், அந்த மாதங்களை வீணாக்காமல் இங்கேயே அரிச்சுவடியைத் தொடங்கட்டும். லாச்சப்பல் கடை முதலாளிகள் தங்கள் ஊழியருக்கு வாரத்தில் இரண்டு பிற்பகல் விட்டுக்கொடுக்கட்டும். தேர்வைத் தேர்ந்தெடுக்கும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும்: ‘டிசிஎஃப்’ என்ற இன்னொரு மொழித் தேர்வின் மதிப்பெண் இரண்டு ஆண்டுகளில் காலாவதியாகும், ‘டெல்ஃப்’ சான்றிதழ் ஆயுளுக்கும் செல்லும்.